‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று வரும் மின்னஞ்சல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு, குறு நிறுவனங்கள் இணையத் தாக்குதலிலிருந்து தங்களைக் காத்துக்கொள்வது எப்படி என்று தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தகவல் பாதுகாப்புக்கென்று தனி அதிகாரியை நியமியுங்கள், ஆண்டுதோறும் ஊடுருவல் சோதனை (ஆள் வைத்து நம் கணினிக்குள் நுழைய முடிகிறதா என்று பார்ப்பது) நடத்துங்கள் என்பவை அதன் முதல் இரண்டு யோசனைகள். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். இருபது பவர் டேபிள் (தையல் இயந்திரங்கள்) போட்டு, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் ஓட்டும் ஒரு யூனிட்டுக்குள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்.

நான் திருப்பூரில் பகுதி நேரக் கணக்காளர். ஏற்றுமதி செய்யும் பனியன் கம்பெனி, அதற்குத் துணி ஓட்டிக் கொடுக்கும் நிட்டிங் யூனிட், பிரிண்டிங், எம்பிராய்டரி, அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறை என்று பல இடங்களுக்கு டேலி என்ற மென்பொருளில் கணக்கு எழுதுகிறேன். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வதும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுவதும் நான்தான். பிரிண்டர் ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கட்டுரையாளர் சொல்லும் அந்தப் பாதுகாப்பு அதிகாரி யார் என்று கேட்டால், முதலாளிகள் எல்லோரும் என்னைத்தான் கை காட்டுவார்கள். சம்பளம் கூட்டாமல் கிடைத்த அந்தப் பதவியின் உரிமையில் இதை எழுதுகிறேன்.

நான் அருகிலிருந்து பார்த்த மிகப் பெரிய இழப்பு, வைரஸால் வந்ததல்ல. சாதாரண மின்னஞ்சலால் வந்தது. ஐரோப்பாவில் உள்ள ஒரு பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, குழந்தைகளின் டி-ஷர்ட் அனுப்பும் கம்பெனி அது. பல ஆண்டுப் பழக்கம் என்பதால் பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் எல்.சி. கிடையாது. முன்பணம் 30 சதவீதம். மீதி, சரக்கு கப்பல் ஏறியதும் பி.எல். எனும் கப்பல் சரக்கு ரசீதின் நகலைப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். பையரோடு கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண்ணுக்கு ஒரு நாள், ‘திருத்திய ஆர்டர் ஷீட்டைப் பார்க்கவும்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. திறந்தால் மின்னஞ்சலுக்குள் நுழையும் பக்கம் போலவே ஒரு பக்கம். கடவுச்சொல்லைத் தட்டினாள். ஷீட் திறக்கவில்லை. பையர் பிறகு அனுப்புவார் என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. இதைத்தான் எங்கள் முதலாளிகளுக்குப் புரியவைக்க முடிவதில்லை. திருடன் என்றால் உள்ளே வந்ததும் எதையாவது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று நினைக்கிறார்கள். இவன் உட்கார்ந்து படித்தான். எந்த ஸ்டைல், எத்தனை பீஸ், எப்போது ஷிப்மென்ட், பையர் பக்கத்தில் பணம் அனுப்புபவர் யார், எங்கள் பெண் கடிதத்தை எப்படித் தொடங்குவாள், எப்படி முடிப்பாள் என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான். மின்னஞ்சல் பெட்டியின் அமைப்புகளுக்குள் ஒரு விதியையும் எழுதி வைத்தான். இன்வாய்ஸ், பேமென்ட் என்ற சொற்கள் உள்ள கடிதம் எது வந்தாலும் ஒரு நகல் அவனுக்குப் போகும். அசல், யாரும் திறந்து பார்க்காத ஒரு கோப்புறைக்குள் விழும். கடவுச்சொல்லை மாற்றினாலும் இந்த விதி அழியாது. அதைத் தனியாகத் தேடித்தான் நீக்க வேண்டும். எத்தனை பேர் தங்கள் மின்னஞ்சலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

சரக்கு ஏறிய வாரத்தில் பையருக்குக் கடிதம் போயிற்று. அனுப்பிய முகவரி எங்களுடையது போலவே இருந்தது. ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதியிருந்தான், அவ்வளவுதான். ‘ஆண்டுத் தணிக்கை நடப்பதால் எங்கள் வழக்கமான கணக்கில் பணம் பெற இயலாது. இணைத்துள்ள இன்வாய்ஸில் உள்ள கணக்குக்கு அனுப்பவும்.’ இணைப்பில் கம்பெனியின் லெட்டர் ஹெட், முத்திரை, முதலாளியின் கையெழுத்து, ஸ்டைல் எண், பீஸ் கணக்கு எல்லாம் சரியாக இருந்தன. வங்கி விவரம் உள்ள சில வரிகள் மட்டும் வேறு. கூட்டலில்கூடப் பிழை இல்லை. எங்கள் ஆட்கள் அனுப்பும் அசலில் சில நேரம் அந்தச் சுத்தம் இருப்பதில்லை.

பையர் பணத்தை அனுப்பிவிட்டார். எங்களுக்கு வரவில்லை என்று கேட்டபோது, ‘உங்கள் கடிதப்படிதான் அனுப்பினோம்’ என்றார். ‘அது எங்கள் கடிதமே இல்லை’ என்றது கம்பெனி. இரண்டும் உண்மைதான். இன்னொரு நாட்டில் வழக்கறிஞர் வைத்து வாதாடும் சக்தி இந்த அளவுக் கம்பெனிக்கு ஏது? ஆளுக்குப் பாதி நட்டம் என்று பேசி முடித்தார்கள். அடுத்த சீசன் ஆர்டர் வரவில்லை.

இழப்பு அதோடு நிற்பதில்லை என்பதைக் கணக்கு எழுதுபவர்களே அறிவார்கள். ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி அறிக்கை) போட்டால், அதற்குரிய அந்நியச் செலாவணி வந்து சேரும் வரை ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பு அமைப்பில் அது பாக்கியாகவே நிற்கும். ‘பணம் எங்கே’ என்று நம் வங்கி கேட்டுக்கொண்டே இருக்கும். குறித்த காலத்துக்குள் பணம் வராத சரக்குக்கு, அரசிடமிருந்து திரும்ப வாங்கிய டிராபேக் எனும் சுங்க வரியையும் ஜி.எஸ்.டி. ரீஃபண்டையும் வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்ல விதிகளில் இடம் இருக்கிறது. பணம் திருடு போனதா, பையர் ஏமாற்றினாரா என்று அந்த அமைப்பு பிரித்துப் பார்ப்பதில்லை. வராத பணம் வராத பணம்தான். நான் வங்கிக்கு எழுதிய விளக்கக் கடிதங்களின் கோப்பு, அந்த ஆர்டரின் கோப்பைவிடத் தடிமனானது.

இதைத் தடுக்க என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால், கடவுச்சொல்லோடு போனில் வரும் எண்ணையும் கேட்கும் ‘இரண்டடுக்குச் சரிபார்ப்பு’ என்று கட்டுரைகள் சொல்லும். சரியான பதில்தான். அந்தக் கம்பெனியிலும் ஒரு காலத்தில் அது இருந்தது, அணைத்துவிட்டார்கள். ஏன் என்பதைக் கட்டுரையாளர்கள் அறிய வேண்டும். மின்னஞ்சல் ஒன்று, கடவுச்சொல் ஒன்று, பயன்படுத்துபவர்கள் ஐந்து பேர். ஆறு இலக்க எண் முதலாளியின் போனுக்குப் போகும். அவர் நூல் விஷயமாகக் கோயம்புத்தூர் போயிருப்பார். அல்லது டையிங் எனும் சாயப்பட்டறையில் சத்தத்துக்கு நடுவே நிற்பார். ‘அண்ணா, அந்த நம்பர் என்ன?’ என்று ஒரு நாளைக்குப் பலமுறை கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். ‘அந்தக் கருமத்தை எடுத்துவிடு’ என்றார், எடுத்தார்கள். ஆளுக்கொரு மின்னஞ்சல் பெட்டி கொடுத்து, எண் அவரவர் போனில் உள்ள செயலியிலேயே வரும்படி வைத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. செலவு மாதத்துக்குச் சில நூறு ரூபாய். இதைச் சொல்லித்தர ஆள் இல்லை என்பதுதான் எங்கள் ஊரின் குறை.

இப்போது அந்தக் கம்பெனியின் எல்லா இன்வாய்ஸிலும் அடியில் ஒரு வரி அச்சாகிறது: எங்கள் வங்கிக் கணக்கு மாறியதாக மின்னஞ்சலில் ஒருபோதும் தெரிவிக்க மாட்டோம், அப்படி வந்தால் உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் முதலாளியை அழைத்துக் கேளுங்கள். ‘ஏற்கெனவே உள்ள எண்’ என்பது முக்கியம். திருடன் தன் கடிதத்தில் தன் தொலைபேசி எண்ணையும் போட்டுத்தான் அனுப்புவான். நூல் மில்லோ டையிங்கோ ‘கணக்கு மாறிவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் நாங்கள் இதையே செய்கிறோம். உள்நாட்டில் இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் மூலம் அனுப்பும் முன், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நெட்பேங்கிங்கில் அந்தப் பெயரைப் படிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்துபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. யூரோ நாடுகளிலும் 2025 அக்டோபர் முதல், யூரோ பணப் பரிமாற்றத்தில் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று காட்டுவது கட்டாயமாகிவிட்டது. ஆனால் அது அந்த நாடுகளின் வங்கிகளுக்குள் நடக்கும் பரிமாற்றத்துக்குத்தான்.

பெரிய ஆட்களே மாட்டுகிறார்கள், நாம் என்ன செய்ய முடியும் என்று சிலர் கை விரிக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது கும்பகோணத்துச் செய்தி. 2018 பிப்ரவரியில் அங்கே தலைமையகம் உள்ள சிட்டி யூனியன் வங்கியின், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக, ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்கு மூன்று போலிப் பரிமாற்றங்கள் நடந்தன. வங்கி அதைக் கண்டுபிடித்தது கணக்கை ஒத்துப்பார்த்தபோது. உடனே பார்த்ததால் துபாய்க்குப் போகவிருந்த 5 லட்சம் டாலர் நியூயார்க்கிலேயே நிறுத்தப்பட்டது. வங்கிக் கணக்கை மாதக் கடைசியில் ஒத்துப்பார்ப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். அதைத் தினமும் காலையில் செய்யுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். இதற்கு எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தாக்குதல். கணக்காளர் வீட்டிலிருந்தே டேலியைப் பார்க்கட்டும் என்று, கம்பெனிக் கணினிக்கு வெளியிலிருந்து வரும் பாதையை அப்படியே திறந்து வைப்பார்கள். கடவுச்சொல் என்ன என்று நான் சொல்லாமலே நீங்கள் ஊகிக்கலாம்: கம்பெனிப் பெயர், அட் குறி, ஒன்று இரண்டு மூன்று. உலகெங்கும் இந்தப் பாதைகளைத் தட்டிப் பார்ப்பதற்கென்றே இரவு பகலாக நிரல்கள் ஓடுகின்றன. ஒரு காலை வந்து பார்த்தால் டேலியின் தரவுக் கோப்புறைகள் எதுவும் திறக்காது. எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னும் புரியாத வால் ஒன்று ஒட்டியிருக்கும். ‘பேக்கப் இருக்கிறதா?’ என்று கேட்டால், ‘இருக்கிறதே’ என்று கணினியிலேயே ஆண்டு முழுவதும் செருகிக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் காட்டுவார்கள். வந்தவன் அதையும் சேர்த்துத்தான் பூட்டியிருப்பான்.

கணக்குதானே, திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்பது தவறு. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். ‘கணினி பூட்டிக்கொண்டது’ என்ற பதிலை அதிகாரி எந்த முகத்தோடு கேட்பார் என்று எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் கெட்டரிங் நகரில் கே.என்.பி. என்று 158 ஆண்டுப் பழைமையான லாரி நிறுவனம் இருந்தது. சுமார் 500 லாரிகள் அதனிடம் இருந்தன. 2023-இல் இப்படித்தான் அதன் கணக்குகளைப் பூட்டினார்கள். ஊழியர் ஒருவரின் கடவுச்சொல்லை ஊகித்து நுழைந்ததாக நம்பப்படுகிறது. நிறுவனம் மூடப்பட்டு, 700 பேர் வேலை இழந்தார்கள். லாரிகளெல்லாம் ஓடும் நிலையில்தான் இருந்தன. யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்ற கணக்குதான் இல்லை.

கணக்கு மென்பொருளின் மீது எனக்கு இன்னொரு பயமும் உண்டு. 2017 ஜூனில் உலகைக் கலக்கிய நாட்பெட்யா தாக்குதல், உக்ரைனில் வரிக் கணக்கு எழுதப் பயன்படும் ஒரு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகத்தான் பரவியது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் அதில் முடங்கியது. மும்பை நவசேவா துறைமுகத்தில் அவர்களின் முனையமும் நின்றது. முறையாக விற்கும் மென்பொருளுக்கே இந்தக் கதி. எங்கள் ஊரிலோ ‘கிராக்’ செய்த திருட்டு டேலியைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பென் டிரைவ் காலையில் எந்தெந்தக் கம்பெனிக்குப் போய்விட்டு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பை 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டார்கள். பேக்கிங் பகுதியில் பார்கோடு அச்சடிக்கும் பழைய கணினிகள் பலவும் அதில்தான் ஓடுகின்றன. உடனே மாற்றப் பணமில்லை என்றால், அந்தக் கணினிகளுக்கு இணையத் தொடர்பையாவது துண்டித்து வையுங்கள் என்கிறேன்.

பேக்கப் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. இரண்டு ஹார்ட் டிஸ்க், வாரம் ஒன்றாக மாறி மாறி. நகல் எடுத்ததும் கழற்றி, முதலாளியின் வீட்டு அலமாரிக்குப் போய்விட வேண்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து வேறு கணினியில் டேலியைத் திறந்து, இருப்புநிலை வருகிறதா என்று பார்ப்பேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஏற்பதில்லை.

டிஜிட்டல் கையெழுத்து அடங்கிய, பென் டிரைவ் போன்ற டோக்கனைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலாளியின் கையெழுத்துக்குச் சமமான அந்தப் பொருள், ஆடிட்டர் அலுவலகத்து மேசை டிராயரில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாகக் கிடக்கும். அதற்கான ரகசிய எண் அதன் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு அப்படி விட்டுவைப்பார்களா?

இனி அரசின் பக்கம். பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பது இப்போது பலருக்கும் தெரிகிறது. உள்நாட்டுக் கணக்குகளுக்குள் போன பணமாக இருந்தால், விரைவாகச் சொன்னால் அது பல கணக்குகளுக்குச் சிதறும் முன் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. பாத்திரப் பட்டறைக்கு யாரோ ஒருவர் குத்துவிளக்கு வாங்கி யு.பி.ஐ.யில் பணம் அனுப்பினார். அந்தப் பணம் வேறு மாநிலத்தில் யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணத்தின் ஒரு துண்டாம். பட்டறையின் நடப்புக் கணக்கையே முடக்கிவிட்டார்கள். விற்ற விளக்கின் விலை சில ஆயிரம். சம்பளம் போட முடியாமல் நின்ற தொகை அதைவிடப் பலமடங்கு. வங்கியைக் கேட்டால் காவல் துறையைக் கேள் என்கிறார்கள். காவல் நிலையம் இருப்பதோ இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில். இத்தகைய ஒரு வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகையை நிறுத்திவைத்துவிட்டு மீதிக் கணக்கை இயக்க அனுமதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் உத்தரவிட்டது. ஒவ்வொரு சிறு வியாபாரியும் உயர் நீதிமன்றம் போய்த்தான் இதைப் பெற வேண்டுமா? வங்கிகள் தாமாகவே இப்படி நடந்துகொள்ள உத்தரவு வேண்டும்.

இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவின்படி, இணையத் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் ஊர் ஷிஃப்ட்டே எட்டு மணி நேரம். கணினி ஏன் திறக்கவில்லை என்று சர்வீஸ் ஆள் வந்து பார்ப்பதற்குள் அந்த ஆறு மணி போய்விடும். அதே அமைப்பு 2025 செப்டம்பரில் சிறு, குறு நிறுவனங்களுக்கென்று 15 அடிப்படைப் பாதுகாப்பு நடைமுறைகளை வெளியிட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ள அந்த ஆவணத்தை நான் அகராதியோடு படித்தேன். உள்ளே இருப்பது நியாயமான விஷயம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் தொழிலாளர்களின் ஆதார் படங்களைக் காண்ட்ராக்டர்கள் இன்றும் வாட்ஸ்அப் குழுவில்தான் போடுகிறார்கள். பி.எஃப். சேர்த்து முடிந்த பிறகும் அந்தப் படங்கள் குழுவில் உள்ள எல்லோர் போனிலும் கிடக்கின்றன. இதைச் சொன்னால், ‘250 கோடியா? நம் டர்ன்ஓவரே அதில் பத்தில் ஒரு பங்கு இல்லையே மேடம்’ என்று சிரிக்கிறார்கள். எட்டாத உயரத்து அபராதம் யாரையும் பயமுறுத்துவதில்லை.

எங்களுக்கு வேண்டியது வேறு. தொழில் அமைப்புகளின் கட்டடத்திலோ மாவட்டத் தொழில் மையத்திலோ, தமிழில் பேசும் ஒருவர் வாரத்துக்கு ஒரு நாள் உட்கார வேண்டும். அவரிடம் ஒரு கணக்காளர் மடிக்கணினியைக் கொண்டுபோய், ‘என் மின்னஞ்சலுக்குள் யாராவது விதி எழுதி வைத்திருக்கிறார்களா பாருங்கள்’ என்று கேட்க முடிய வேண்டும். ஏற்றுமதிப் பணம் கையாளும் வங்கிக் கிளைகளில் வாடிக்கையாளருக்கு ஒரு தாள் கொடுக்க வேண்டும்: வெளிநாட்டுப் பணம் திசை மாறினால் யாரை, எந்த எண்ணில் அழைப்பது, பையரின் வங்கி பணத்தைத் திரும்பக் கேட்க நாம் என்ன எழுதித் தர வேண்டும் என்று. அந்தக் கம்பெனிக்கு நடந்தபோது, வங்கியில் யாரிடம் பேசுவது என்று தெரிந்துகொள்ளவே ஒரு வேலை நாள் போய்விட்டது. திருடனுக்கு அந்த ஒரு நாள் தாராளம்.

தங்களிடமும் ஒரு கோரிக்கை. நூல் விலையையும் டாலர் மதிப்பையும் தினமும் அச்சிடும் பக்கத்தை எங்கள் ஊரில் முதலாளிகள் தவறாமல் பார்க்கிறார்கள். அதன் கீழே 1930 என்ற எண்ணையும், ‘கணக்கு மாறியதா? அழைத்துக் கேட்டீர்களா?’ என்ற ஒரு வரியையும் தினமும் போடுங்கள். இரண்டு செ.மீ. இடம் போதும்.

இப்படிக்கு,
பகுதி நேரக் கணக்காளர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.

(என் பெயரை வெளியிட வேண்டாம். பெயர் வந்தால் எந்தெந்தக் கம்பெனி என்று ஊரில் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.)